தொடக் கூடாத முள்ளங்கி

தன்மாயா துலுங் ஒரு காளான் பண்ணையில் பதினான்கு மாதம் இருந்தாள். தங்கக் கொடுத்த கண்டெய்னர் அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. முதலாளியின் தம்பி நினைத்தபோது கதவைத் திறந்து, "ஹீட்டர் ஓடுதான்னு பார்க்க வந்தேன்" என்பான். தாழ்ப்பாள் கேட்டுப் பார்த்தாள். பிறகு விடுவிப்புக் கடிதம் கேட்டாள். ஏழு வாரம் இழுத்தடித்துவிட்டு முதலாளி கையெழுத்துப் போட்டார். "போ. உனக்கு எவன் வேலை குடுக்கறான்னு நானும் பாக்கறேன்" என்றாராம்.

கொரியாவில் எங்களைப் போல நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வேலையை விட்டால் தொண்ணூறு நாளுக்குள் வேறொரு முதலாளி கையெழுத்துப் போட்டாக வேண்டும். வேலைவாய்ப்பு மையம் அனுப்பும் பட்டியலில் உள்ள முதலாளிகளை மட்டும்தான் கூப்பிடலாம். விவசாயத்துக்கு வந்தவளுக்கு விவசாயம்தான். நடுவில் ஒரு மணி நேரம் எங்காவது வேலை செய்து பிடிபட்டாலும் நேபாளத்துக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஆன்சான் நகரத்துத் தங்கும் விடுதியில் அவளும் நானும் ஒரே அறை. அச்சு இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு நான் விடுப்பில் இருந்தேன். அவளுக்கு உட்காரத் தெரியாது. கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள். ஜன்னலருகே போவாள், போனை எடுப்பாள், வைப்பாள். கூப்பிட்ட இடங்களிலெல்லாம் ஒரே பதில்: "பொம்பளையா? மூட்டை தூக்கற ஆள் வேணும்."

கீழே மோமோ கடை வைத்திருந்த பிரதாப் அண்ணன், "சமையல்கட்டுல வந்து நில்லு தங்கச்சி, யாரு பார்க்கப் போறா?" என்றார்.

"பார்க்கறவன் என்கிட்ட சொல்லிட்டா வருவான்?" என்றாள் அவள்.

எண்பத்து நான்காம் நாள் யோஜு என்ற ஊரிலிருந்து கியூ-சிக் என்ற முள்ளங்கி விவசாயி சம்மதித்தார். நாளைக்கு மையத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. அவர் மனைவி இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். உறைபனி வருவதற்குள் முள்ளங்கியைப் பிடுங்கியாக வேண்டும், ஆளும் கிடைக்கவில்லை. தொண்ணூறாம் நாள் காலை தன்மாயா என்னை உலுக்கினாள். "அக்கா, நீ வா. எனக்குப் பேச வாய் வராது."

பஸ் மாறி மாறி நாங்கள் போய்ச் சேரும்போது பதினோரு மணி. அறுபதைத் தாண்டிய மனிதர், வயலில் தன்னந்தனியாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. கையுறை அங்க இருக்கு பாரு. அந்த வரிசையைப் புடி."

தன்மாயா ஒரு அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"கையெழுத்து ஆகாம நான் தொடக் கூடாதுங்க ஐயா. அஞ்சு மணியோட என் நாள் முடியுது."

"கையெழுத்து எங்கயும் ஓடிடாது. முள்ளங்கி உறைஞ்சா போச்சு."

"ஒண்ணைத் தொட்டாலும் என்னை அனுப்பிடுவாங்க."

"ஒரு முள்ளங்கிக்குக் குனியாதவளை வச்சு நான் என்ன பண்றது?" என்றவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் வரப்பில் நின்றோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போதெல்லாம் அவள் தோள் துடித்தது. "அக்கா, அந்த மனுஷன் ஒத்தையாச் சாகறார். கோணியையாவது புடிக்கட்டுமா?" என்றாள். பக்கத்து வயலில் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புடிச்சா நீ போயிடுவ. பேசாம நில்லு" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் மையத்து அதிகாரியைப் போனில் பிடித்து, போனை வயலுக்குள் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன். நெடுநேரம் கேட்டார்.

"அப்ப இவ சோம்பேறி இல்லையா?"

மறுமுனை என்ன சொன்னதோ, அவர் தன்மாயாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறமும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் வந்தார். மணி மூன்றரை.

மையத்தின் வெள்ளைத் தரையில் சேற்றுப் பூட்ஸோடு நடந்தார். நாலே முக்காலுக்குக் கையெழுத்து விழுந்தது. அதிகாரி முத்திரை குத்தியதும் தன்மாயா, "இப்பத் தொடலாமா?" என்று கேட்டாள். அதிகாரிக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் டிரக்கில் அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "குளிருதா?" என்று கேட்டு முதலாளி ஹீட்டரைக் கூட்டினார். கால் நிற்கவில்லை. என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாள். ஏழு வரிசை முடித்துவிட்டாளாம், இடுப்பு ஒடிந்துவிட்டதாம். அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னும் ஒழுங்காப் பார்க்கலை அக்கா. இரு, முதலாளி கூப்பிடறார்" என்று வைத்துவிட்டாள்.