வங்காலையில் வாங்கிய வீட்டு வான்

பேசாலையிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து வங்காலைக்கு ஓட்டோ பிடித்தோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம். பாலத்தைத் தாண்டியதும் இரு புறமும் சேற்றுநிலமும் அதில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகளும். என் கணவர் சுரேஷ் எதையும் பார்க்கவில்லை. கைப்பேசியில் நாங்கள் வாங்கப் போகிற வீட்டு வானின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவர்கள். இலங்கைக்கு வந்து ஆறு வருடமாகிறது. "நம்ம நாடு" என்று பெற்றோர் சொல்லிச் சொல்லி வளர்த்த நாட்டில் மன்னாரையும், பதிவுக்கென்று அலைந்த வவுனியாக் கந்தோர்களையும் தவிர வேறொன்றையும் நாங்கள் கண்டதில்லை. சுரேஷ் வீடுகளுக்கு வயரிங் செய்கிறார். நான் பாடசாலை வான் ஓட்டுகிறேன். படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு வான் இருந்தால் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம், போகிற இடத்தில் அவர் வேலையும் செய்யலாம் என்று நினைத்தோம்.

விற்பவர் மரியதாஸ் ஐயா, அறுபதைத் தாண்டியவர். அவர் வீட்டு வளவின் மூலையில் பூவரச மரத்தின் கீழ் வான் நின்றது. நீளமான யப்பான் வான். உள்ளே இரட்டைக் கட்டில், காஸ் அடுப்பு, சின்னத் தொட்டி, சுவரோடு பொருத்திய அலுமாரி, அதன் மேல் மாதாவின் படம். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. விலை இருபத்தெட்டு இலட்சம். எங்கள் சேமிப்பு முழுவதும் அதுதான்.

"வேலையால ஓய்வெடுத்தாப் பிறகு ஊர் சுத்துவமெண்டு வாங்கினனான்," என்றார் ஐயா. "அந்த வருசம் மாரியில பழைய வீடு இடிஞ்சு போச்சு. புது வீடு கட்டி முடிய மூண்டு வருசம். அதுவரைக்கும் இதுக்குள்ளதான் இருந்தம். வீடு முடியேக்க எனக்குச் சீனி வருத்தத்தால கண் பார்வை குறைஞ்சிட்டுது. இனி ஓடேலாது."

அவருடைய மனைவி பிலோமினா அம்மா வானுக்குள் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் வந்த இரண்டு பேரை அவர்தான் திருப்பி அனுப்பியவர் என்று ஓட்டோக்காரர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

சுரேஷ் கொண்டுபோன பற்றரியைப் பூட்டினார். கொஞ்சம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. ஓட்டிப் பார்க்க நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஐயா என் பக்கத்தில் ஏறினார்.

"அம்மா, நீங்க எறங்கிக்கிறீங்களா?" என்று சுரேஷ் கேட்டார்.

"நான் இறங்க மாட்டன்."

"பிலோமி, அதுகள் ஓடிப் பாக்கப் போகுதுகள்," என்றார் ஐயா.

"ஓடட்டும். மூண்டு வருசம் இதுக்குள்ள குடும்பம் நடத்தினனான். ஒரு அடி இது நகர்ந்து நான் காணேல்லை. இண்டைக்கு ஓடாமல் விக்கேலாது."

ஐயா தலை குனிந்துகொண்டார். எங்கே போவது என்று கேட்டேன். "எங்கயெண்டாலும் சரி பிள்ளை" என்றார் அம்மா. சுரேஷும் பின்னால் ஏற, தெற்கே அரிப்பு என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் திருப்பினேன். இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும்.

முதல் வளைவிலேயே அலுமாரி திறந்து கோப்பைகள் உருண்டன. நிற்கும் வீட்டுக்கென்று அடுக்கிய சாமான்கள். அடுத்த வளைவில் சீனிப் போத்தல் உடைந்தது. சுரேஷ் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். அம்மா மாதாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், முகம் வெளுத்திருந்தது.

"நிப்பாட்டு பிள்ளை!"

நிறுத்தினேன். கீழே இறங்கி வேலியோரத்தில் வாந்தி எடுத்தார். ஐயா தண்ணீரோடு ஓடி வந்து முதுகைத் தடவினார். அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு நிலத்திலேயே உட்கார்ந்தார்.

"இதுக்கோ நான் இவ்வளவு காலம் ஆசைப்பட்டனான்?"

எனக்குள் பயம் வந்தது. அவர் மனம் மாறி விற்க மாட்டேன் என்பாரா, அல்லது இந்தச் சனியன் போகட்டும் என்பாரா தெரியவில்லை. "முன்னால வந்து உட்காருங்க, தலை சுத்தாது" என்று சொல்லிப் பார்த்தேன். ஐயா இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு அம்மா முன்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆற்றுப் பாலம், அரிப்புக் கோயில், கடற்கரை மேட்டில் இடிந்து நிற்கும் பழைய வெள்ளைக்காரர் மாளிகை, கீழே கரைக்கு இழுத்துவிட்ட படகுகள். இவற்றையெல்லாம் பஸ்ஸில் எத்தனையோ தடவை அவர் பார்த்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் போ" என்று இரண்டு முறை சொன்னார். கொண்டச்சியில் மரமுந்திரிகைத் தோட்டங்கள் தொடங்கும் இடம் வரை போய்த்தான் திரும்பினோம்.

வளவுக்கு வந்ததும் இறங்கி, "இவளுக்கே குடுங்கோ" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெயர் மாற்றி, டயர்களும் மாற்றி முடிய இரண்டு வாரம் சென்றது. புறப்படுகிற அன்று காலை சொல்லிக்கொண்டு போக வங்காலைக்குப் போனோம். பிலோமினா அம்மா நல்ல சேலை உடுத்து வெளிக்கிட்டு, கையில் பையோடு வாசலில் நின்றார்.

"மடுச் சந்தி வரைக்கும் வாறன். மாதா கோயிலுக்குப் போயிட்டு பஸ்ஸில வந்திருவன்."

"எனக்கு நீ சொல்லவேயில்லை," என்றார் ஐயா.

"சொன்னால் தடுப்பீங்கள்."

அவர் தடுக்கவில்லை. கேற்றைத் திறந்துவிட்டார்.

முருங்கன் வழியாக மதவாச்சி வீதியைப் பிடித்தோம். வயல்கள் முடிந்து காடு தொடங்கியது. அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை. எங்கெல்லாம் போகப் போகிறீர்கள் என்று கேட்டார். அநுராதபுரம், கண்டி, நுவரெலியா என்று அடுக்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் "ஓம்" என்றார். மடுச் சந்தியில் இறங்கி, வானின் பக்கத்தை ஒரு முறை தட்டிவிட்டு, "கவனமாப் போங்கோ" என்றார்.

கோயிலுக்குப் போகிற வீதி எங்களுக்கு இடப்பக்கம் பிரிந்தது. வானை எடுத்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அவர் அந்த வீதிக்குத் திரும்பவில்லை. மன்னார் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்கும் போகவில்லை. இறங்கிய பக்கத்திலேயே, வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நிறுத்து மாலா, கேட்போம்," என்றார் சுரேஷ்.

நான் நிறுத்தவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறையாக ஊர் பார்க்கப் போகிற எங்களுக்கு, அவரை நிறுத்திக் கேட்க என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் அநுராதபுரத்தில் குளக்கட்டோரம் வானை விட்டுத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது மரியதாஸ் ஐயா தொலைபேசியில் வந்தார். குரலில் கோபமா, சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அவ வவுனியாவில தங்கச்சி வீட்ட நிக்கிறாவாம். நாளைக்கு ரெண்டு பேருமாத் திருகோணமலைக்குப் போகினமாம். பஸ்ஸில, முன் சீற்றில. என்னையும் வரச் சொல்லுறா. காலமை வவுனியா பஸ் எத்தினை மணிக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"