தாஸ் பிரஸ்ஸில் வைத்த மெயிலிங் லிஸ்ட்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில் கல்யாண அட்டை அடிக்கிற பிரஸ்கள் வேறும் இருந்தன. ஆனால் பெண்வீட்டார் தமிழும் மாப்பிள்ளை வீட்டார் மலையாளமுமாக ஒரே அட்டையில் இரண்டும் பிசகில்லாமல் வேண்டுமென்றால், நெய்யாற்றின்கரைக்காரனும் தாஸ் பிரஸ்ஸின் படியைத்தான் ஏறவேண்டும். அதன் உடைமைக்காரர் சுந்தரதாஸ், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுக்கோர்க்கப் போனவர். இரண்டு மொழி எழுத்தையும் தலைகீழாகப் பார்த்தே படித்தவர். யார் சிபாரிசும் இல்லாமல் சொந்தப் பிரஸ் வைத்தார். ஈய எழுத்தைத் தூக்கிப் போட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது சிரித்தவர்கள், பிற்பாடு அதே கம்ப்யூட்டரில்தான் தங்கள் மகள்களுக்கு அட்டை அடித்தார்கள். அது ஊரறிந்த காரியம்.

கம்ப்யூட்டரிலும் ஒரு தொல்லை இருந்தது. தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் ஒட்டாது. இரண்டையும் தனித்தனியே அடித்து, வெட்டி, ஒட்டித்தான் அச்சுத் தகட்டுக்குப் படம் பிடிக்கவேண்டும். பாலராமபுரத்துப் பிந்து தன் தம்பியின் கல்யாண அட்டைக்காக வந்தவள், இதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“கம்ப்யூட்டர் வாங்கியிட்டும் கத்திரிக்கோலை விடல்லியா அண்ணா?”

பிந்து பாலிடெக்னிக்கில் டீச்சர். சிரித்ததோடு நிற்காமல், இரண்டு எழுத்தும் ஒன்றாக வருகிற ஒரு புரோகிராமையும் எழுதினாள். ‘இரட்டையெழுத்து’ என்று பேர் வைத்து, யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் போட்டாள். நெய்யாற்றின்கரைக்காரன் கிருஷ்ணகுமார் ஜெர்மனியில் ஒரு யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவன் சேர்ந்துகொண்டு, அதைப் பிரிண்டரோடு பேசவைக்கும் வேலையை எடுத்துக்கொண்டான். சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஆள் சேர்ந்தது. அவர்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் அடித்துப் பார்த்து, எங்கே எழுத்து உடைகிறது என்று கண்டுபிடிப்பது சுந்தரதாஸ். தன் பிரஸ்ஸில்தான் இந்தப் புரோகிராம் பிறந்தது என்பதில் அவருக்கு நெஞ்சு ஒரு சாண் பொங்கும்.

ஆள் பெருகியதும் இன்டர்நெட் தபால் குழம்பியது. ஒருவன் எழுதியது இன்னொருவனுக்குக் கிடைக்காது. ஒரே முகவரிக்குப் போட்டால் எல்லாருக்கும் போய்ச்சேரும்படி ஒரு மெயிலிங் லிஸ்ட் வேண்டுமென்று தீர்மானமானது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் கெட்டது.

அமெரிக்கக் கம்பெனி ஒன்று சும்மா இடம் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் வாலிலும் அது ஒரு விளம்பரத்தை ஒட்டும். கிருஷ்ணகுமார் தன் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டரில் வைக்கலாம் என்றான். சுந்தரதாஸ் இரண்டுக்கும் ஒப்பவில்லை.

“எனக்க பிரஸ்ஸிலே வைக்கணும். கல்யாணம் இஞ்ச, பந்தலு ஜெர்மனியிலயா? நல்லா இருக்கு ஞாயம்!”

“அண்ணா, அங்க மெஷின் ராப்பகல் இன்டர்நெட்டில கிடக்கும். இங்க நம்ம போன் வழி காலையும் வைகிட்டும் திருவனந்தபுரத்துக்கு விளிச்சாத்தான் உண்டு. மழை பெய்தா அதுவும் இல்ல” என்றாள் பிந்து.

“பெய்யட்டு. எனக்க பிரஸ்ஸு மழையில கரைஞ்சா போச்சு? உலகத்துல எவன் எழுதினாலும் அது பாறசாலை வழியாட்டு போவட்டும் டீச்சரே. அதாக்கும் மரியாதி.”

மனைவி ராஜபாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “கரண்டு பில்லு வரும்ப தெரியும் மரியாதி.”

அவர் விடவில்லை. அவருடைய பிரிண்டர் இல்லாமல் சோதனை நடக்காது என்பதால் மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிந்து பழைய மெஷின் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றித் தந்தாள். லிஸ்டில் சேர்க்கிற ஆளுக்கெல்லாம் முதலில், ‘உண்மையிலேயே சேர விருப்பந்தானா? ஆமென்றால் பதில் போடவும்’ என்று ஒரு கடிதம் போகும்படி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் சுந்தரதாஸின் முகம் சுருங்கியது.

“இது என்ன ஏர்ப்பாடு? வீட்டுல கேறி அழைச்சிட்டு, பொறத்தால ஆளை விட்டு, நெசமாட்டு வருவியாண்ணு கேப்பாவளா? மானக்கேடு!”

“இது கல்யாணம் இல்ல அண்ணா.”

“அழைப்பு அழைப்புதான், மக்களே.”

அவள் பஸ்ஸுக்குப் போனபின் அவர் அந்தக் கேள்விக் கடிதம் போகாதபடி நிறுத்திவிட்டார். பிறகு உட்கார்ந்து யோசித்தார். ஒருவரை அழைத்து ஒருவரை விட்டால் தலைமுறைக்கும் முகம் கொடுக்கமாட்டார்கள். துபாயில் மைத்துனன் எலியா இருக்கிறான். அவன் ஆபீஸில் மெயில் உண்டு. மஸ்கட்டில் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேர். அட்டை அடிக்க வந்தபோது மெயில் முகவரி கொடுத்துவிட்டுப் போன வாடிக்கைக்காரர்கள் எத்தனையோ பேர். ஒருவர் விடாமல் எல்லாரையும் சேர்த்தார். அவருக்கு அது நிறைந்த காரியமாகத் தோன்றியது.

மறுநாளே கிருஷ்ணகுமாரின் கடிதம் எல்லாருக்கும் போனது. மலையாளத்தின் சில்லெழுத்துகள், நம் ன், ர், ல் போலச் சொல்லின் கடைசியில் நிற்பவை, பிரிண்டரில் ஏன் உடைகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். எலியா அதற்குப் பதில் போட்டான்: ‘சுந்தரா, சுகந்தானே? மூத்த மகளுக்குக் கல்யாண ஆலோசனை ஏதும் வந்ததா?’ அதுவும் எல்லாருக்கும் போனது. ஆலோசனை கையிலுண்டு என்று ஒரு வாடிக்கைக்காரர் எழுத, பையன் என்ன வேலை என்று இன்னொருவர் கேட்டார். சிங்கப்பூர்க்காரன், ‘இவர்களெல்லாம் யார்?’ என்றான். எலியாவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ‘நீ ஆராக்கும்?’ என்று அவனும் எல்லார் முன்னாலும் கேட்டான்.

மஸ்கட்டில் இரண்டு பேரும் லீவில் போயிருந்தார்கள். வருகிற கடிதத்துக்கெல்லாம், ‘நான் லீவில் இருக்கிறேன்’ என்று அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தாமாகவே பதில் போட்டன. அந்தப் பதில் லிஸ்டுக்கு வந்து எல்லாருக்கும் போய், அவர்களுக்கும் போய், அதற்கும் இரண்டு பதில் வந்தது. சுந்தரதாஸ் சாயங்காலம் போன் போட்டபோது கடிதம் வந்துகொண்டே இருந்தது. கடையடைக்கும் நேரமாகியும் நிற்கவில்லை. அவர் ஒயரைப் பிடுங்கினார். காலையில் மறுபடி செருகியதும் ராத்திரி சேர்ந்தவையெல்லாம் ஒன்றாக இறங்கின. என்னை விடுவியுங்கள் என்று எழுதியவர்களின் கடிதங்களும் அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தன. அன்றைக்கு மழையும் வலுத்தது. போன் செத்தது.

பிந்து பாலிடெக்னிக்குக்கு லீவு போட்டு வந்தாள். கையில் கிருஷ்ணகுமாரின் கடிதம் இருந்தது. லிஸ்டை அவன் யுனிவர்சிட்டிக்கு மாற்றவேண்டும், இல்லையென்றால் அவன் ஒதுங்கிக்கொள்வான்.

“போவட்டு. அவன் இல்லேண்ணா உலகம் நிண்ணு போவுமா?”

“உலகம் நிக்காது. சில்லெழுத்து உடஞ்சுதான் கிடக்கும். சிங்ஙமாசம் வருது, கல்யாணக் காலமாக்கும், அண்ணனுக்க மேசையில எத்தற அட்டை கிடக்குதுண்ணு நோக்கணும்.”

சுந்தரதாஸ் நோக்கினார். மாப்பிள்ளைப் பேர்களெல்லாம் மலையாளத்தில் கடைசி எழுத்து உடைந்து கிடந்தன. அதைத் திருத்தத் தெரிந்தவன் ஒருவன்தான்.

“நான் என்ன தப்பு செய்தேன்? நாலாளை அழைச்சது தப்பா?” என்று சத்தம் போட்டார்.

“நாலாளை அழைச்சீங்க. வேலைக்கு வந்தவன் உக்கார எடம் இல்ல” என்றாள் பிந்து.

அவர் “கொண்டு போ, சவத்தை” என்று மெஷினைக் கை காட்டிவிட்டு முற்றத்தில் இறங்கி நின்றார்.

லிஸ்ட் ஜெர்மனிக்குப் போனது. சில்லெழுத்துக்கான திருத்தம் வந்தது. எடுத்து அடித்தார். பேர்கள் முழுசாக வந்தன. ஆனால் தமிழ் வரி ஒரு இழை கீழே இறங்கியிருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது படாது, அச்சுக்கோர்த்த கண்ணுக்குத்தான் படும். ஒரு விரலால் தட்டித்தட்டி லிஸ்டுக்கு எழுதினார். எத்தனை உயரம் தூக்கவேண்டும் என்பது வரை எழுதினார்.

அடுத்த தரம் போன் போட்டபோது பதில் இருந்தது. அவருடைய கடிதத்தைப் பொறுப்பாளர் கிருஷ்ணகுமார் பார்த்து அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குப் போகும், அதுவரை காத்திருக்கவும் என்று மெஷின் எழுதியிருந்தது.

“ராஜபாயீ, இதைக் கேட்டியா! எனக்க பிரஸ்ஸில பிறந்த சாதனம், என்னைய வெளிய நிறுத்தியிருக்கு!”

“நிண்ணா காலு ஒடியாது” என்றாள் ராஜபாய்.

இறங்கிய வரியோடு ஒரு அட்டைகூட வெளியே போகவிட அவருக்கு மனசில்லை. பழையபடி வெட்டி ஒட்டுவதற்காக மலையாள வரியைத் தனியாகவும் தமிழ் வரியைத் தனியாகவும் அடித்தெடுத்தார். மேசை டிராயரைத் திறந்து கத்திரிக்கோலைத் தேடினார். அது அங்கே இல்லை. அதற்கும் சேர்த்து ஜெர்மனிக்காரனைத் திட்டினார்.