வேகத்தடையைக் கோணலாகக் கடந்தவர்

காலை ஏழு மணி வகுப்பு. வங்கி ஊழியர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைத் துள்ள வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. பள்ளத்தூரிலிருந்து நூர்ஜஹான் மதினி, அபுதாகிர் அண்ணனின் மனைவி. "அவுக போய்ட்டாக தங்கச்சி" என்றார். "எங்க?" என்று கேட்டேன். இவ்வளவு மடத்தனமான கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. வைகறைத் தொழுகை முடித்துவிட்டுச் சற்றே படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரைக்குடியில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அபுதாகிர் அண்ணனைத் தெரியும். மீதிப் பேருக்கு அவருடைய சிவப்புக் காரைத் தெரியும். என் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு அடுத்த கட்டடம் அவருடைய பட்டறை. புதிதாகக் கற்பவர்கள் ஒரு கிளட்சை என்ன பாடு படுத்துவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த துயரம். என் பயிற்சிக் கார்கள் இன்றுவரை ஓடுவது அவர் கைப்பக்குவத்தால்தான்.

வளைகுடா நாடு ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவர் பழுது பார்த்தவை எல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் அதிவேக ஸ்போர்ட்ஸ் கார்கள். ஊருக்குத் திரும்பியதும் பெங்களூரில் விபத்தில் நசுங்கிக் கிடந்த அப்படிப்பட்ட கார் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் காலையில் அது உறுமியது. என் பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கோபத்தோடு போய் நின்றேன்.

"இந்த ஊர்ல இது எதுக்குண்ணே?"

"இருபது வருசம் அடியில படுத்துப் பாத்த வண்டி தங்கச்சி. மேல உக்காந்து பாக்க வேணாமா?" என்றார்.

சரி, ஆசைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுதா போட்டு மூடிவைப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் தினமும் ஓட்டினார். பள்ளத்தூரிலிருந்து பட்டறைக்கு அதில்தான் வருவார். சந்தைக்கும் அதில்தான். அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் என்பதால் முன்மூடியைத் திறந்துதான் சாமான் வைக்க வேண்டும். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முருங்கைக்காயும் பூசணியும் இறங்குவதைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். மீன் மட்டும் ஏற்றக்கூடாது என்பது மதினியின் உத்தரவு.

நான் விடவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். என் வாய் சும்மா இருக்குமா? இரண்டே இருக்கை, குடும்பத்தோடு போக முடியாது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். மழை பெய்தால் படகு. முந்நூறு கிலோமீட்டர் வேகம் போகிற வண்டியை மாட்டுக்குப் பின்னால் பத்தில் உருட்டுவது என்ன புத்தி என்று அடுக்குவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஓட்டாம மூடி வச்சா அது வண்டியில்ல தங்கச்சி, சாமான். கானாடுகாத்தான்ல ஆளில்லாம பூட்டிக் கெடக்குற அரண்மனை வீடுக பத்தாதா?"

அவர் கார் ஓட்டிய விதத்தை இங்கே சொல்ல வேண்டும். வேகத்தடையை நேராக ஏறினால் அந்தக் காரின் வயிறு தட்டிவிடும். அதனால் கோணலாகத் திருப்பி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக, நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவதுபோல் கடப்பார். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர்கள்கூட ஹார்ன் அடிக்காமல் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு தடைக்கும் அவரிடம் பெயர் உண்டு. ரேஷன் கடை பிரேக்கர், புளியமரத்து பிரேக்கர், டாக்டர் வீட்டு பிரேக்கர்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், "தங்கச்சி, புளியமரத்துக்கு அங்குட்டு தெருக்காரவுகளே புதுசா ஒரு பிரேக்கர் போட்ருக்காக. பெயிண்ட் கெடையாது, கண்ணுக்கே தெரியல. பாத்துப் போங்க" என்றார்.

"உங்க கார் வயித்துக்குத்தாண்ணே பயம். என் ஸ்கூட்டருக்கு என்ன?" என்றேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அதே தடையில் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. நான் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு, "ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

கை தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதும் எனக்கு வீம்பு. "அவ்வளவு தாழ்வா உக்காந்தா என் முட்டி தாங்காது. ஆட்டோவைக் கூப்புடுங்க" என்றேன். முட்டிவலி உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று நான் ஊரறியச் சொல்லியிருந்தேன்.

அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும், விளக்குகளை மினுக்கவிட்டபடி, ஆட்டோவுக்குப் பின்னாலேயே அந்தக் காரை உருட்டிக்கொண்டு வந்தார். என்னை எவரும் இடித்துவிடக்கூடாதாம். அன்று எனக்கு வந்த வெட்கம் மணிக்கட்டு வலியைவிடப் பெரிது.

அடுத்த வாரம் உரிய இடத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினார். வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷுமாக ரோட்டில் குந்திவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் அந்தச் சாலையின் தடைகளுக்கெல்லாம் தானே கோடு போட்டார். "உம்ம காருக்காகத்தானே பாய்?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். "ஆமா, வேற எதுக்கு?" என்று சிரிப்பார். தான் நல்லது செய்ததாக அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. புளியமரத்தருகே எனக்குப் பிறகு யாரும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் நானே சொன்னேன்: "தினசரி ஓட்டத்துக்கு இந்த வண்டி சரிப்படாதுன்னு ஒரு தடவ ஒத்துக்கங்க. நான் ஏறுறேன்."

"நீங்க ஏறுற அன்னைக்கு ஒத்துக்கிறேன்" என்றார்.

இப்படியே நான்கு வருடம் போயிற்று. நாளைக்கு ஏறினால் போகிறது என்று இருந்துவிட்டேன். என்னைப்போல் பிடிவாதக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே ஏறிவிடுங்கள்.

கடைசி நாளன்று உடம்புக்கு முடியவில்லை என்று காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போயிருக்கிறார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மதினி போன் செய்தார். "வண்டி அங்கயே நிக்கிது தங்கச்சி. நீங்கதான் ஓட்டியாரணும். வேற யாரு கைலயும் குடுக்க மனசில்ல."

கதவைத் திறந்து குனிந்து, மடங்கி, உள்ளே விழுந்தேன். முட்டி வலி உயிரை எடுத்தது. பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தடிமனான மெத்தை ஒன்று இருந்தது. ஏதோ வாடிக்கையாளர் சாமான் என்று நினைத்து அப்படியே விட்டேன்.

இத்தனை வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், ரேஷன் கடை அருகிலேயே வயிற்றைத் தட்டிவிட்டேன். அதன் பிறகுதான் கோணலாகத் திருப்பப் படித்தேன். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் கார் நிற்காத குறையாக ஊரும். அந்த நேரத்தில் யாராவது குனிந்து கண்ணாடிக்குள் பார்ப்பார்கள். பூக்கட்டும் அம்மா, டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். "பாய் எப்பவும் இங்க ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவாரு" என்று மூன்று பேர் சொன்னார்கள். புளியமரத்தருகே ஒருவர் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உள்ளே நீட்டினார். "அவுக வீட்டுல குடுத்துருங்க, தினம் கேப்பாரு" என்றார். அந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று பதினோரு வருடம் வாதாடினேன். அவர் அதை ஊரோடு பேசிக்கொண்டு போகத்தான் வைத்திருந்தார் என்று அப்போதுதான் கண்டேன்.

பள்ளத்தூரில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். மதினி நிலைப்படிக்கு உட்புறம் நின்றுகொண்டிருந்தார். கீரையைக் கொடுத்துவிட்டு, "சீட்டுல யாரு மெத்தையோ கெடக்கு" என்றேன்.

"யாரு மெத்தையா? உங்க முட்டிக்காகச் சொல்லித் தச்சது. ஒசரமா இருந்தா ஏறிருவாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. ரெண்டு மாசமாக் கெடக்கு."

நான் காரைச் சுற்றி மறுபக்கம் போனேன். உறையைப் பிரித்தேன். மெத்தையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். முட்டி வலிக்கவே இல்லை. பக்கத்தில், ஓட்டுகிறவர் இடம் காலியாக இருந்தது. அங்கே பார்த்து அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஏறிவிட்டேன் அண்ணே. இனி நீங்கள் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தினமும் ஓட்டியது சரிதான், நான் ஒத்துக்கொள்கிறேன். மழை முடிந்ததும் பெயிண்ட் வாங்கிவிடுகிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.