பல்லு

பட்டறையில் கட்டுப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நாய்கள் குரைத்தன. "பல்லு!" என்று சலித்துக்கொண்டாள் உடன் வேலைசெய்யும் சிங்களத் தோழி. அவளுடைய மொழியில் அது நாய்களைக் குறிக்கும்.

சிறுவயதில், வாயில் கராம்பு மணக்க, வீங்கிய கன்னத்தோடு அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். "பல்லு, பல்லு" என்று அழுதார். தமிழ் தெரியாத தாதி எங்களை நாய்க்கடி வரிசையில் நிறுத்திவிட்டார்.

"பல்லுக்குக் கையிலயா ஊசி போடுவாங்க?" என்றேன்.

"அவங்க படிச்சவங்க, புள்ள. தெரியாமலா போடுவாங்க?"

வலி போகவில்லை. அம்மா அதன்பின் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

இப்போது மூன்று மொழியிலும் பல்லைச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் தாடை எலும்பு தேய்ந்துவிட்டது. நான் செய்துகொடுக்கும் எந்தக் கட்டுப்பல்லும் நிற்பதில்லை.

"விடு புள்ள," என்று வாயைப் பொத்திச் சிரிக்கிறார் அம்மா. "நாய்க்குத்தான் பல்லு வேணும்."