ஆடியில் தராத சாவி

முத்தையாபுரத்தில் சண்முகவடிவின் இட்லி மாவை வாங்காத வீடு குறைவு. துறைமுகத்துக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்கள் வீட்டில் இட்லி வேக வேண்டுமென்றால், முந்தின நாள் சாயங்காலமே வடிவு வீட்டு வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்க வேண்டும். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இன்னொரு குணமும் உண்டு. அடுத்தவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டால் வடிவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இதை அவளே ஒத்துக்கொள்வாள். கோர்ட்டிலேயே ஒத்துக்கொண்டவள்தான்.

தங்கதுரை அண்ணாச்சியின் வீட்டில் அவள் பதினாலு வருஷம் வாடகைக்கு இருந்தாள். அடுப்படியில் கிரைண்டர் இருந்த மேற்கு மூலையில் சிமெண்டுத் தரை பெயர்ந்து பள்ளமாகி, மாவுத் தண்ணீர் தேங்கி வழுக்கும். ஒருமுறை விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த மூலைக்கு மட்டுமாவது டைல்ஸ் போட்டுத் தாங்களேன்" என்று கேட்பாள்.

"பாப்போம் தாயி" என்பார் அவர். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

போன வருஷம் காலி செய்யச் சொன்னார். வடிவு சண்டை போடவில்லை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்து, ஆனி மாசக் கடைசி நாளில் பால் காய்ச்சிக் குடிபோனாள். பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தன் பூட்டைப் போட்டுப் பூட்டினாள். அண்ணாச்சி அன்றைக்குத் திருச்செந்தூரில் இருந்தார். மறுநாள் சாவி வாங்க வந்தவர், வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகாமல் வாயைக் கொடுத்தார்.

"ஸ்டெபின்னு ஒரு பிள்ள குடிவரப் போவுது. புருசனுக்குத் துறைமுகத்துல வேல. அடுப்படி பூரா டைல்ஸ் போட்டுத் தாரேன்னு சொல்லிட்டேன்."

வடிவுக்கு வயிறு எரிந்தது. சாவியை எடுக்கப் போன கை இடுப்பிலேயே நின்றுவிட்டது.

"இன்னைக்கு ஆடி ஒண்ணுலா அண்ணாச்சி. ஆடியில சாவி கைமாறுனா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. ஆவணி பொறக்கட்டும், தாரேன்."

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் வடிவே உண்டாக்கியது. ஆனால் ஆடி என்று ஒருத்தி சொன்ன பிறகு மறுத்துப் பேச இந்தப் பக்கத்தில் யாருக்குத் தைரியம் வரும்? அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆவணியில் ஆள் விட்டார். சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். புரட்டாசியில் ஆள் விட்டார். பெருமாள் மாசம் கழியட்டும் என்றாள். இதற்குள் ஸ்டெபியையும் கடைத்தெருவில் ஒருநாள் பார்த்துவிட்டாள். ஒல்லியான பிள்ளை. இரண்டு மணிக்கட்டும் நேராக இருந்தன. அதுகூட வடிவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, அந்தச் சாவியக் குடுத்துத்தான் தொலையேன்" என்றான் புருஷன் சொரிமுத்து.

"நீரு சும்மா இரும்" என்றாள்.

ஐப்பசியில் கோர்ட்டிலிருந்து தபால் வந்தது. வடிவு காலி செய்யாமல் வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறாளாம், வெளியேற்ற உத்தரவிட வேண்டுமாம். சட்டி பானையோடு எப்போதோ வெளியேறிவிட்டவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அதோடு விடவில்லை. விஷயம் காதில் விழுந்த புது வீட்டுக்காரரும் வந்து நின்றார். "கேஸுள்ள ஆள வச்சுக்கிட்டு நான் பயந்துகிட்டு இருக்க முடியாது. தைக்குள்ள முடிச்சிரு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றார்.

வடிவு பிடித்த வக்கீல் ஜெரால்டு, கேஸ் சிலிண்டருக்கு முகவரி மாற்றிய ரசீதையும் புது வாடகைப் பத்திரத்தையும் பார்த்துக் குளிர்ந்துபோனார். "ஜெயிச்ச மாதிரிதான். சாவிய என்ன செஞ்சிய?" என்று கேட்டார்.

"குடுக்கத்தான் போனேன். ஆடின்னு அவியதான் வாங்கல" என்றாள் வடிவு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவர் அதையே பதில் மனுவில் எழுத, அவள் கையெழுத்துப் போட்டாள்.

மார்கழியில் விசாரணைக்கு வந்தது. அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டெபியும் உட்கார்ந்திருந்தாள். பதில் மனுவைக் கேட்டதும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நான் எப்பம்மா வாங்க மாட்டேன்னு சொன்னேன்?"

நீதிபதி அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். "அப்போ ரெண்டு பக்கமும் சாட்சி விசாரிக்கணும். மாசி மாசம் வாங்க."

மாசி என்றதும் வடிவுக்குப் பகீரென்றது. தையிலேயே அவள் தெருவில் நிற்பாளே. சுருக்குப்பையை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள்.

"அவிய கேட்டது நெசந்தாம்மா. நாந்தான் குடுக்கல."

"ஏன்?"

"பொறாமதான். பதினாலு வருசம் நான் கேட்டு நடக்கல. கேக்காமலே அந்தப் பிள்ளைக்கு டைல்ஸ் போடுதாவளாம். மனசு பொறுக்கல."

ஜெரால்டு முகத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். பொய் எழுதிக் கொடுத்ததற்கு நீதிபதி கடுமையாகத் திட்டினார். பிறகு, வீடு ஆனியிலேயே காலியாகிவிட்டது, சாவி இன்று ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி வழக்கை முடித்தார்.

வெளியே வராந்தாவில் ஸ்டெபி கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, டைல்ஸ் வேல எப்ப ஆரம்பிப்பிய?"

"டைல்ஸா? தை பொறந்ததும் மொதல்ல குடிவா. பொறவு பாப்போம் தாயி" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வடிவு அங்கேயே நின்றுவிட்டாள். போடப்போகாத டைல்ஸுக்காகவா ஐந்து மாசம் வயிறெரிந்தோம் என்று வெட்கமாக இருந்தது. எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஸ்டெபியிடம் போனாள்.

"ஏளா, அடுப்படியில மேக்கு மூல வழுக்கும். பரண்ல என் சாக்கு கெடக்கு, எடுத்து விரிச்சுக்கோ. அங்கன நின்னா பாத்து நில்லு."

ஸ்டெபி வடிவின் கோணல் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.