கம்ப்யூட்டருக்கு ஒரு டேபிள் ஃபேன்

எங்கள் குவார்ட்டர்ஸில் என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் உறை உண்டு. டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக் உறை. நெய்வேலியில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அது வேறு கலரில் இருக்கும். மின் நிலையத்துச் சாம்பலுக்குப் பயந்து மூடுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகன் கம்ப்யூட்டரை மூடிய மாதிரி புதையலைக்கூட யாரும் மூடியிருக்க மாட்டார்கள்.

பேத்தியின் படிப்புக்கு என்று வாங்கியது அது. மேலே படம் தெரிகிற பெட்டி, கீழே மூளை இருக்கிற பெட்டி. மூளைப்பெட்டிக்காகக் கதவு வைத்த மேசை செய்தான். கதவுக்குள்ளே பெட்டி, பெட்டிக்கு மேலே ரெக்சினில் ஒரு சட்டை. வயர் போக மட்டும் பின்னால் ஓட்டை. தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை அது. என் ஜாக்கெட்டுக்கு என்னை நாலு தடவை அலையவிடுகிற அந்த மனிதர், கம்ப்யூட்டருக்கு மட்டும் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தார். கதவு இடுக்கில் சாம்பல் பூந்துவிடும் என்று என் பழைய புடவையைக் கிழித்துத் திணித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குச் சட்டையைக் கழற்றுவான். பெட்டியின் முகத்தில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளின் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி சட்டையை மாட்டிவிடுவான்.

இவன் வேலை பார்ப்பது அனல் மின் நிலையத்தில், கூலிங் தண்ணீர் பம்பு செக்‌ஷனில். மிஷின் சூடாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இவனுக்குச் சம்பளம். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் மருமகள் கணக்கில் பட்டம் வாங்கினவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் போட்ட கணக்கெல்லாம் எத்தனை ஆழாக்கு அரிசி, எந்த ஷிப்டுக்கு என்ன டிபன் என்பதுதான். அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வளைகுடா நாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு சொல்லித்தரும் வேலை. முதலில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை. பாதியில் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள்.

"பண்றதுன்னா பண்ணு. என் டிபன் பாக்ஸ்ல மட்டும் கை வெக்காத" என்று என் மகன் பெரிய மனசு பண்ணிப் பர்மிஷன் கொடுத்தான்.

கம்ப்யூட்டர் பர்மிஷன் கொடுக்கவில்லை. அவள் பாடம் எடுத்துப் பழகப் பழக, பாதியில் அப்படியே நின்றது. அம்புக்குறி அசையவில்லை. எங்கள் பிளாக் பஸ் ஸ்டாப்பில் படுத்திருக்கும் மாடு, கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தால் காதையாவது ஆட்டும். இது அதுகூட இல்லை.

"அத்தை, மறுபடி ஹேங் ஆயிடுச்சு."

"வைரஸ்" என்றான் மகன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏன்டா, இத்தினி கதவு போட்டு மூடிகினு இருக்கிற, அதையும் மீறி எப்பிடிடா பூந்துச்சி?"

"எம்மா, உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தேன். யாரிடமோ ஒரு சி.டி. வாங்கி வந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதுசாக ஏற்றினான். அவள் நாள் கணக்கில் தயார் செய்து வைத்திருந்த பாடமெல்லாம் வைரஸோடு வைரஸாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மருமகள் அவித்த இட்லி கொஞ்சம் கல்லாக இருந்தது. மாவு புளிக்கவில்லை என்றாள்.

கம்ப்யூட்டர் மறுபடி நின்றது.

எதிர்வீட்டுக்காரர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் செக்‌ஷன். "ஏனுங்கம்மா, இது எர்த்திங் பிரச்சனைங்க" என்று டெஸ்டரை எடுத்து வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கிலும் குத்திப் பார்த்தார். காபி குடித்தார். "எலக்ட்ரிக்கல் சைடு பக்காவா இருக்குதுங்க. மெக்கானிக்கல்தான் பாக்கோணும்" என்றார். மெக்கானிக்கலான என் மகனுக்கு ரோஷம் வந்தது. "மெக்கானிக்கல்ல ஒண்ணும் இல்லீங்க. சாப்ட்வேரு." இந்த ஊரில் எது கெட்டாலும் அது பக்கத்து டிபார்ட்மெண்டில்தான் கெடும். எங்கள் உள் ரூம் சீலிங் ஃபேன் வெகுகாலமாக இறக்கையை எண்ணிப் பார்க்கிற வேகத்தில்தான் சுற்றுகிறது. அது எலக்ட்ரிக்கல் வேலை என்று மெக்கானிக்கல் தொடவில்லை. அது உங்கள் வீடு என்று எலக்ட்ரிக்கல் தொடவில்லை.

கடைசியில் இரண்டு டிபார்ட்மெண்டும் சேர்ந்து பெட்டியை வெளியே எடுத்து, சட்டையைக் கழற்றி, உள்ளே இருந்து சீப்பு மாதிரி ஒரு பச்சைப் பட்டையை உருவினார்கள். ஞாபக சக்தி அதில்தான் இருக்கிறதாம். பேத்தியின் ரப்பரால் அதைத் தேய் தேய் என்று தேய்த்து மாட்டினார்கள். தரையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக ஓடியது. ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கிக்கொண்டார்கள். சட்டையை மாட்டி, கதவுக்குள் தள்ளி, என் புடவையையும் திணித்து, இன்னொரு காபி கேட்டார்கள்.

காபி ஆறுவதற்குள் நின்றுவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, "செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சுங்க" என்று கிளம்பினார்.

மருமகள் மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் என் மகன் வேலைக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, கவனிச்சீங்களா? வெளிய இருந்தா ஓடுது. உள்ள போனா நிக்குது."

"என் மவன் மாதிரின்ற."

"சிரிக்காதீங்க அத்தை. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். "மாவு எடுத்துகினு வரட்டா? ரெண்டு தோசை ஊத்திடலாம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தாள். உள்ளே ஒரு குட்டி ஃபேன் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி படுத்திருந்தது. பூனைக்குட்டி இல்லை, சாம்பலேதான். இரண்டு டிபார்ட்மெண்டும் அதைத் தாண்டித்தான் முந்தின நாள் உள்ளே கையை விட்டிருந்தார்கள். அத்தனை மூடியும் எந்தச் சாம்பலுக்காக மூடினானோ அது உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. முன்பக்க ஓட்டைகளில் வருஷா வருஷம் அப்பிய சந்தனம் சிமெண்டாகக் காய்ந்திருந்தது. சந்தனத்தை அப்பினாலும் சாமி மூச்சு விடும், மிஷின் எப்படி விடும்?

சுத்தம் பண்ண மெல்லிசான பிரஷ் வேண்டும் என்றாள். என் மகன் மீசைக்கு டை அடிக்கிற பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு இறக்கை இறக்கையாகத் துடைத்தாள்.

சாயங்காலம் வந்தவன் வாசலிலேயே கத்தினான். "யாரு சட்டையக் கழட்டனது? சாம்பல் பூந்துடும்!"

"பூந்து, வாடகை குடுக்காம இருந்துகினு இருந்துச்சிடா. இப்பதான் காலி பண்ணோம்."

மருமகள் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, பிளான்ட்ல உங்க பம்பு நின்னுட்டா என்ன ஆகும்?"

அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "சூடு ஏறும். ஏறி யூனிட்டே டிரிப் ஆயிடும். நாங்க ஒரு நிமிஷம் அசந்தா நெய்வேலியே இருண்டு போவும்."

"அதேதாங்க இங்கயும் ஆகுது."

துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "அது வேற டிபார்ட்மெண்ட்டு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

சுத்தம் பண்ணியதில் பாதிதான் சரியானது. காலையில் நன்றாக ஓடியது. வெயில் ஏறினால் மறுபடி நின்றது. உள்ளே சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்திருக்கும், புதுசு வைக்க வேண்டும், ஆனால் அடுத்த வாரம்தான் ஆள் வருவான் என்று பஜார் கடையில் சொல்லிவிட்டார்கள். பாடம் எடுத்துக் காட்ட வேண்டியதோ மறுநாள் மத்தியானம், நல்ல வெயில் நேரத்தில். தகட்டைத் திறந்தே வைத்து, டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தாள். அன்றைய மத்தியானம் முழுக்க நிற்கவே இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டில் இருந்தது ஒரே டேபிள் ஃபேன். மறுநாள் என் மகன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவான்.

"ஒரு மணி நேரம்தாங்க" என்றாள்.

"இந்த ஓட்ட சீலிங் ஃபேன்ல எப்பிடித் தூங்கறது? நான் தூங்கலன்னா பம்ப யாரு பாக்கறது? வேற வாரம் வெச்சிக்கச் சொல்லு அவங்கள."

"மாட்டாங்கங்க."

"அப்ப வுட்டுடு. இந்த வேல இல்லாமதான இத்தினி வருஷம் இருந்த?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் போனேன். பாத்திரம் விளக்குகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள், குழாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கி அவன் நல்லா தூங்கட்டும். நீ ஃபேனத் தூக்கிகினு போ. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவன் உள் ரூமில் படுத்தான். குறட்டை வந்ததும் மருமகள் பூனை மாதிரி வந்து ஃபேனைத் தூக்கினாள். ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு பாடத்தைத் தொடங்கினாள். ஃபேன் சத்தம் நின்றதும் இவன் புரண்டான். நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, தாளைக் கிழித்து வைத்துவிட்டு, அட்டையால் வீச ஆரம்பித்தேன். அட்டையில் இருந்த மகாலட்சுமி அவன் முகத்துக்கு மேலே போய்ப் போய் வந்தாள். நாற்பது வயசு ஆள், தொப்பை வேறு. தொட்டில் பிள்ளைக்கு வீசினால் கொஞ்ச இடம்தான். இது ஒரு ஏக்கர்.

கை மாற்றி மாற்றி வீசினேன். காது முழுக்க ஹாலில் இருந்தது. மருமகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பேச்சு நிற்காமல் இருந்தால் போதும்.

நின்றது.

ஹாலில் சத்தமே இல்லை. போச்சு, ஹேங் ஆகிவிட்டது என்று என் கையும் நின்றது. இவன் கண்ணைத் திறந்துவிட்டான். வேர்வையோடு, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான்.

"எம்மா... கரன்ட் போச்சா?" மேலே சீலிங் ஃபேன் சுற்றுவதைக்கூடப் பார்க்காமல் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "நம்ம ஊர்லயே கரன்ட் போச்சின்னா... பம்பு நின்னுடுச்சா? செல்லு எங்க?"

"உன் பம்பு நல்லாத்தான் ஓடிகினு இருக்குது. டேபிள் ஃபேன்தான்டா ரிப்பேரு, தூக்கி வெளிய வெச்சிருக்குது. எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு தெரியல. படு."

"அதுக்காவ நீ வீசிகினு இருக்கியா? இந்த வயசுல?" அவன் கண் கலங்கிவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை.

அந்த நேரம் ஹாலில் ஒரு சின்னப் பிள்ளை கணீரென்று என்னவோ ஒரு எண்ணைச் சொன்னது. மருமகள் "வெரி குட்" என்றாள். அது கணக்கைப் போட்டு முடிக்கத்தான் அவள் பேசாமல் காத்திருந்திருக்கிறாள். அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். என் கை மறுபடி வீச ஆரம்பித்தது. இவன் என் மடிப்பக்கமாகத் தலையை வைத்துத் தூங்கிப்போனான்.

வேலை கிடைத்துவிட்டது. மருமகள் இப்போது தினமும் மத்தியானம் வகுப்பு எடுக்கிறாள். பெட்டி மேசைமேல், சட்டை இல்லாமல், பக்கம் திறந்து காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறது. பழைய டேபிள் ஃபேன் அதற்கே என்று ஆகிவிட்டது. வைரஸ் போனதே தன்னால்தான் என்று மகன் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கேண்டீன் பூராவும் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். "தூங்கற புள்ளைக்கு எங்கம்மா இந்த வயசுலயும் உக்காந்து விசிறுதுங்க. யாரு வூட்டுல நடக்கும்?" அடுத்த சம்பளத்தில் எனக்கென்று ஒரு புது டேபிள் ஃபேன் வாங்கி வந்து, என் கட்டில் பக்கத்தில் வைத்து, "இனிமே நீ கை நோவ வீசக் கூடாது" என்றான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். நல்ல காற்று.

நேற்று என் கட்டில் பக்கத்தில் டேப்பை வைத்துக்கொண்டு அவன் அளவு எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"புது ஃபேனும்மா. சாம்பல் பூந்துடும். ரெக்சின்ல ஒரு சட்ட தெக்கச் சொல்லியிருக்கேன்."