மீனவர் சட்டையில் தைத்த பெயர்

"இவ்வளவு படிச்சுப்போட்டு, சட்டையிலை பேர் போட்டே பிழைக்கப்போறாய்?" என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நல்லூரில் அறை எடுத்துத் தனியாக அந்தத் தொழிலையே தொடங்கினேன்.

குருநகர் மீனவர்கள் சிலர் சட்டையில் படகின் பெயரை ஸ்கிரீன் பிரிண்டில் அச்சடிக்கச் சொன்னார்கள். நூலால் தைக்கும் எம்ப்ரொய்டரிதான் மதிப்பு என்று நானே முடிவெடுத்து, நெஞ்சில் தடிப்பாகத் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அவர்களில் ஒருவர் வந்து சட்டையை விலக்கிக் காட்டினார். நெஞ்சுத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வடிவாத்தான் இருக்குது தங்கச்சி. உப்புத்தண்ணியிலை நனைஞ்சு வலை இழுக்கேக்கை உள்பக்க நூல் உரஞ்சுது."

அவர் கோபப்படவேயில்லை. அவர் போனபின், கதைக்க ஒருவரும் இல்லாத அறையில், தைத்து மிஞ்சிய சட்டை ஒன்றின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். போடுகிறவரின் உடம்பை நான் நினைக்கவேயில்லை.

இன்று புதிய சட்டையில் பெயரை அச்சடித்தேன். உப்புத்தண்ணீரில் நனைத்து, முதலில் நானே போட்டிருக்கிறேன்.